இரத்தப் பையும் கேட்கும் உரிமையும்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பங்கள் மறக்கலாகாத நிகழ்ச்சியொன்று நமது மாவட்டத்திலேயே நடந்தது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில், கருவுற்றிருந்த சகோதரி ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அது சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்தது. இரத்தம் ஈந்தவரே தம் நிலையறிந்து பின்னர் வந்து கூறியதால்தான் பிழை வெளிப்பட்டது. 2019-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அச்சகோதரிக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அரசுக்கு ஆணையிட்டது.

பையைப் பார்த்துக் கிருமியைக் கண்டறிய எந்தச் செவிலியராலும் இயலாது. ஆயினும் இரத்தம் ஏற்றுமுன் நோயாளியின் பெயர், இரத்த வகை, பையின் எண், காலாவதி நாள், பரிசோதனைக் குறிப்பு ஆகியவற்றை இன்னொருவருடன் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தல் அவர் கடமை. ஐயம் எழுமாயின் நிறுத்தி மருத்துவரிடம் உரைக்க வேண்டும். ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடங்கள் அருகிருந்து கவனித்தலும் வேண்டும்.

இரத்தம் எதற்காக, அது பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்பது நோயாளியின் உரிமை. ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. செவிலியரும் அதற்குக் கட்டுப்பட்டவரே.

ஆகவே, பையின் சீட்டைக் காட்டுமாறு பணிவுடன் கேளுங்கள். நல்ல செவிலியர் சினங்கொள்ளார். தம் பணிக்குக் கிடைத்த துணையென்றே கருதுவார்.