பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்கும் சில்லு

தொலைநோக்கியின் உயர் உருப்பெருக்கத்தில் வியாழன் ஓரிரு நிமிடங்களில் பார்வையைவிட்டு நழுவிவிடும். காரணம், பூமியின் சுழற்சி. 23 மணி 56 நிமிடம் 4 நொடிக்கு ஒரு சுற்று என்ற அதே வேகத்தில் கருவியை எதிர்த்திசையில் திருப்பினால் விண்மீன் நிலைத்து நிற்கும்.

அதற்கு ஆர்டுயினோ போன்ற மலிவான மைக்ரோகன்ட்ரோலர் பலகையே போதும். ஒரு சுற்றுக்கு 200 படிகள் நகரும் ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பகுக்கும் மின்சுற்று, 144 மடங்கு வேகத்தைக் குறைக்கும் பற்சக்கர அமைப்பு ஆகியவை சேர்ந்தால் ஒரு முழுச்சுற்றுக்கு 4,60,800 நுண்படிகள். நொடிக்கு ஏறத்தாழ 5.35 துடிப்புகளை அனுப்புவதே சில்லின் வேலை. ஆன்ஸ்டெப் என்னும் திறமூல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால், சுழலச்சு விண்துருவத்தை நோக்கிச் சாய்ந்திராவிட்டால் இக்கணக்கு பயன் தராது. விலைக்கு வாங்கும் கருவி வானத்தைக் காட்டும். நாமே செய்யும் கருவியோ அதன் இயக்கத்தையும் கற்பிக்கும். பள்ளி அறிவியல் மன்றங்கள் இம்முயற்சியை மேற்கொள்ள வேண்டும்.