கசற்றில் இருக்கும் முகம் மங்காமல் கணனிக்கு வர

2005ஆம் ஆண்டு, ஏ9 பாதை திறந்திருந்த காலம். வெளிநாட்டில் இருந்து வந்த அண்ணர் ஒருவர், புதிதாக வாங்கிய எச்டி கமெராவினால் தங்கையின் மூத்த பிள்ளையின் பிறந்தநாளைப் பதிவு செய்தார். கசற் அவருடனேயே போய்விட்டது. 2009 இல் தங்கை கணவரை இழந்தார். வீட்டுப் படங்கள் எல்லாம் இடப்பெயர்வுகளில் தொலைந்தன. அண்மையில் அண்ணர் அந்தக் கசற்றையும் கமெராவையும் அனுப்பி வைத்தார். ஸ்ரூடியோ ஒன்றில் டிவிடியாக மாற்றிக் கொடுத்தார்கள். அதில் கணவரின் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. "இவ்வளவுதான் மிச்சம் போல, அக்கா" என்றார் அவர்.

கசற்றில் முகம் தெளிவாகவே இருந்தது. பிழை, மாற்றிய முறையில்.

தரம் எங்கே குறைகிறது?

அது 2003 இல் அறிமுகமான எச்டிவி முறைக் கமெரா. சிறிய மினிடிவி கசற்றில், ஒரு படத்துக்கு 1440 x 1080 புள்ளிகள் என்ற அளவில் பதிகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களால் இணைத்தால் படம் பழைய ரீவீ அளவுக்குச் சுருங்கிவிடும். டிவிடியில் அது மேலும் சுருக்கப்படும். ஃபயர்வயர் வயரினால் இணைத்தாலோ, கசற்றில் உள்ள எண்கள் அப்படியே கணனிக்குப் போகும். சொனி கமெராக்களில் இந்தத் துவாரத்துக்கு ஐ.லிங்க் என்று பெயர்.

கசற் என்றால்

புதிய கணனிகளில் இந்தத் துவாரம் பெரும்பாலும் இல்லை. பழைய மேசைக் கணனி ஒன்றில் ஃபயர்வயர் கார்ட் பூட்டினால் போதும். பல கமெராக்களில் யூ.எஸ்.பி துவாரம் புகைப்படங்களுக்கு மட்டுமே. அதனை நம்ப வேண்டாம்.

வயர் கொழுவ முன்னர் கமெராவின் மெனுவைப் பாருங்கள். சொனி கமெராக்களில் ஐ.லிங்க் கன்வேர்ஷன் என்பது 'ஓன்' ஆக இருந்தால் எச்டி படம் சாதாரண படமாகவே வெளியே வரும். அதை 'ஓஃப்' செய்யுங்கள். கமெராவை நிறுத்தி வைத்து வயரைக் கொழுவுங்கள். பற்றரியை நம்பாமல் நேரடி மின்சாரத்தில் இயக்குங்கள்.

எச்டிவிஸ்பிளிட் என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். ஒரு மணித்தியாலக் கசற்றுக்கு ஒரு மணித்தியாலம் செல்லும், அவசரப்படுத்த முடியாது. வன்தட்டில் ஏறக்குறைய 12 ஜிபி இடம் தேவை.

கசற்றில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் கமெராவில் போடாதீர்கள். நாடாவும் கெடும், கமெராவும் கெடும். அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

மெமரி கார்ட் என்றால்

2006 இல் வந்த ஏவிசிஎச்டி முறைக் கமெராக்கள் பல கார்ட்டில் பதிகின்றன. இங்கு வேலை இலகு. ஆனால் வீடியோக் கோப்புகளை மட்டும் தேடி எடுக்காமல், கார்ட்டில் உள்ள முழுவதையும் ஒரே கோப்புறையில் பிரதி செய்யுங்கள். நீண்ட பதிவு பல துண்டுகளாக இருக்கும். அவற்றைச் சரியாகச் சேர்க்கும் விபரம் மற்றக் கோப்புகளில்தான் இருக்கிறது. 'கன்வேட் செய்யவா?' என்று மென்பொருள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கவனத்தில் வைத்திருங்கள்

* கணனியில் முழுவதையும் போட்டுப் பார்க்கும்வரை கார்ட்டை அழிக்காதீர்கள். கசற்றை ஒருபோதும் எறியாதீர்கள்.
* வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்புவது சுருங்கிய பிரதி. பார்ப்பதற்கு அது போதும், பாதுகாப்பதற்கு அல்ல.
* இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில் உள்ள உறவினரிடம். எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்திருப்பதன் விலையை நாங்கள் அறிவோம்.
* ஸ்ரூடியோவில் கொடுத்தால், "டிவிடி மட்டும் வேண்டாம், மூலக் கோப்பும் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்தச் சகோதரியின் கசற் ஃபயர்வயர் மூலம் மீண்டும் கணனிக்கு ஏற்றப்பட்டது. தகப்பனை நினைவில் இல்லாத இளைய பிள்ளை, திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்: "அம்மா, அப்பாவுக்கும் என்னைப் போலக் கன்னத்தில மச்சமோ?"

டிவிடியில் அந்த மச்சம் தெரியவில்லை.