கண் அசைவால் மனக்காயம் ஆறுமா? 'இ.எம்.டி.ஆர்' சிகிச்சை என்றால் என்ன?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேற்றம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2023 மே மாதம், கம்பம் நகருக்குள் புகுந்த அரிக்கொம்பன் யானை தெருக்களில் ஓடியது.

இப்படியான சம்பவங்களில் தப்பியவர்களிடம் ஊரே சொல்வது ஒன்றுதான்: "அதான் தப்பிச்சாச்சுல்ல, மறந்துடு!" ஆனால் சிலருக்கு அது முடிவதே இல்லை. லேசான புகை வாசம் வந்தாலே நெஞ்சு படபடக்கும். தூக்கத்தில் அதே காட்சி வரும். ஒரு மாதத்துக்கு மேல் இது நீடித்தால், 'பி.டி.எஸ்.டி' எனும் மனநலப் பாதிப்பாக இருக்கலாம். இதற்கான சிகிச்சைகளில் ஒன்றுதான் இ.எம்.டி.ஆர்.

யார் கண்டுபிடித்தது?

அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷாபிரோ. 1987-ல் பூங்காவில் நடந்தபோது, கண்கள் இடமும் வலமும் அசைய அசைய, மனதை உறுத்திய எண்ணத்தின் வேகம் குறைவதைக் கவனித்தார். 1989-ல் அதை ஆய்வாக வெளியிட்டார்.

எப்படி நடக்கும்?

மொத்தம் 8 கட்டங்கள். முதல் நாளே விரலை ஆட்டிவிட மாட்டார்கள். உங்கள் கதையைக் கேட்டு, மனதை நிதானப்படுத்தும் பயிற்சி தந்த பிறகே அந்தச் சம்பவத்துக்குள் போவார்கள். காட்சியை மனதில் வைத்தபடி, சிகிச்சையாளரின் விரல் போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்ட வேண்டும். சுமார் அரை நிமிடத்தில் நிறுத்தி, "இப்போ என்ன தோணுது?" என்று கேட்பார். இது திரும்பத் திரும்ப நடக்கும். ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம் வரை போகலாம்.

நினைவு அழிந்துவிடுமா?

இல்லை. இது ஹிப்னாடிசமும் இல்லை. நடந்தது நினைவில் இருக்கும். அதன் வலி குறையும்.

உண்மையிலேயே பலன் உண்டா?

பி.டி.எஸ்.டி-க்கு இதை உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் பயன்படுத்தப்பட்டது. ஆனால், குணமாக்குவது கண் அசைவா, அல்லது பயந்த நினைவைப் பாதுகாப்பாக எதிர்கொள்வதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு பி.டி.எஸ்.டி அளவுக்கு வலுவான ஆதாரம் இல்லை.

வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாமா?

வேண்டாம். அடக்கி வைத்த நினைவுகள் மொத்தமாகக் கிளம்பினால், பக்கத்தில் பயிற்சி பெற்றவர் இருக்க வேண்டும்.

யாரை அணுகுவது?

தேனி மக்கள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வார். இ.எம்.டி.ஆர் என்றால், முறையான பயிற்சி பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் போகத் தயக்கமா? 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.