மாக்குலா சிதைவின் இடர்க் காரணிகளும் மெட்டா பகுப்பாய்வும்

வயது சார்ந்த மாக்குலா சிதைவு என்பது விழித்திரையின் மையப் பகுதியான மாக்குலா பழுதடைவதால் நடுப்பார்வை மங்கிப்போகும் நோய் ஆகும். இது பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வருகிறது. நோய் முற்றியவருக்கு அறையின் ஓரங்கள் தெரியும். எதிரே நிற்பவரின் முகமோ கையிலுள்ள நாளிதழின் எழுத்தோ தெளிவாகத் தெரியாது. 2014 இல் வெளியான ஒரு மதிப்பீடு, 2020 இல் உலகில் 19.6 கோடிப் பேருக்கும் 2040 இல் 28.8 கோடிப் பேருக்கும் இந்நோய் இருக்கும் எனக் கணித்தது. இழந்த நடுப்பார்வையை முழுமையாக மீட்பது அரிது என்பதால், நோய் யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது என்பதை முன்கூட்டியே அறிவது முக்கியமாகிறது.

ஆய்வுகளை ஏன் இணைக்க வேண்டும்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த பீவர் டேம் கண் ஆய்வு பெரிய ஆய்வுகளுள் ஒன்று. அதில் ஏறத்தாழ 4,900 பேர் பரிசோதிக்கப்பட்டனர். ஆனால் முற்றிய நிலை நோய் அவர்களில் சுமார் 1.6 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்பட்டது, அதாவது எண்பதுக்கும் குறைவானவர்களிடம். இவர்களைப் புகைப்பவர், புகைக்காதவர் என்றும் ஆண், பெண் என்றும் வயதுவாரியாகவும் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் மிகச் சிலரே மிஞ்சுவர். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தெரியும் வேறுபாடு உண்மையானதா தற்செயலானதா என்று சொல்ல இயலாது.

இச்சிக்கலுக்கான வழிகளுள் ஒன்றே மெட்டா பகுப்பாய்வு. ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிப் புள்ளியியல் முறையில் ஒரே மதிப்பீடாக இணைப்பது இதன் பணி. 1904 இல் கார்ல் பியர்சன் படைவீரர்களுக்கான குடற்காய்ச்சல் தடுப்பூசித் தரவுகளை இவ்வாறு இணைத்துப் பார்த்தார். மெட்டா பகுப்பாய்வு என்னும் பெயரை 1976 இல் ஜீன் கிளாஸ் வழங்கினார்.

முறை

எந்த ஆய்வுகளைச் சேர்ப்பது என்ற விதியை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும்; முடிவைப் பார்த்தபின் தேர்ந்தெடுப்பது விரும்பிய விடையைத்தான் தரும். பின்னர் ஒவ்வோர் ஆய்வுக்கும் அதன் துல்லியத்திற்கேற்ற எடை அளிக்கப்படுகிறது. எனவே 200 பேரைக் கொண்ட ஆய்வும் 4,000 பேரைக் கொண்ட ஆய்வும் பொதுவாகச் சமமாக எண்ணப்படுவதில்லை. கிடைக்கும் விகிதம் 1 எனில் அக்காரணிக்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. 2 எனில் ஆபத்து இரு மடங்கு எனக் கொள்ளலாம்.

ஆய்வுகள் தமக்குள் எவ்வளவு முரண்படுகின்றன என்பதும் அளக்கப்படுகிறது. முரண் அதிகமெனில் சராசரி எண்ணைவிட முரணுக்கான காரணமே கவனிக்கத்தக்கது. தொடர்பு ஏதும் இல்லை என்று கண்ட ஆய்வுகள் பல அச்சேறாமலே போவது இன்னொரு தொல்லை. அச்சில் வந்தவற்றை மட்டும் கூட்டினால் ஆபத்து மிகைப்படும்.

கண்டறிந்தவை

பீவர் டேம், ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ், நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆகிய மூன்று ஆய்வுகளின் தரவுகள் 2001 இல் ஒன்றிணைக்கப்பட்டன. மொத்தம் 14,752 பேர். வயதைத் தவிர, மூன்று இடங்களிலும் தவறாமல் தொடர்பு காட்டிய ஒரே காரணி புகைபிடித்தல்தான்.

2010 இல் வெளியான விரிவான மெட்டா பகுப்பாய்வு 24 ஆய்வுகளிலிருந்து 1,13,780 பேரின் தரவுகளைச் சேர்த்தது. முதுமை, புகைபிடித்தல், குடும்பத்தில் இந்நோய் இருத்தல், முன்பு கண்புரை அறுவை செய்துகொண்டிருத்தல் ஆகிய நான்கும் வலுவான தொடர்பு காட்டின. உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றின் தொடர்பு மிதமானது. நீரிழிவு, கருவிழிப் படலத்தின் நிறம், கொழுப்பு அளவு போன்றவற்றில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

கண்புரை அறுவை பற்றிய ஐயம்

மேற்கண்ட நான்கில் கண்புரை அறுவையைப் படிக்கும் முதியவர் ஒருவர் அறுவையே வேண்டாமென்று ஒதுங்கிவிடக்கூடும். அது தவறான முடிவாக அமையலாம். இயற்கை வில்லை நீல ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கிறது. அதை அகற்றினால் விழித்திரைக்குக் கேடு வரலாம் என்ற கருதுகோள் உண்மையில் உண்டு. ஆனால் வேறு விளக்கங்களும் உள்ளன. முதுமையும் புகையும் இரு நோய்களுக்கும் பொதுவான காரணிகள். மாக்குலா பழுதால் பார்வை மங்கியவர் மருத்துவரிடம் சென்று, அங்கே கண்புரையும் கண்டறியப்பட்டு அறுவைக்கு உட்படலாம். புரையின் மறைப்பில் தெரியாதிருந்த சிதைவு அறுவைக்குப் பின்னரே கண்ணில் படுவதும் உண்டு. இப்பிழைகள் எல்லா ஆய்வுகளிலும் ஒரே திசையில் இருந்தால், அவற்றைக் கூட்டுவதால் பிழை நீங்காது. மாறாக அது துல்லியமான எண்ணாகத் தோற்றமளிக்கும்.

அமெரிக்காவின் வயது சார்ந்த கண் நோய் ஆய்வில் பங்கேற்றோரைத் தொடர்ந்து கவனித்து 2009 இல் வெளியிட்ட அறிக்கை, கண்புரை அறுவையால் நோய் முற்றுகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்றது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரே நபரின் அறுவை செய்த கண்ணையும் செய்யாத கண்ணையும் ஒப்பிட்டனர். வயது, மரபு, புகைப்பழக்கம் அனைத்தும் இரு கண்களுக்கும் பொது என்பதால் இவ்வொப்பீடு மிகப் பொருத்தமானது. அதிலும் அறுவை செய்த கண்ணில் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. அறுவைக்கு முன்பே ஓசிடி படமெடுத்து மாக்குலாவின் நிலையைப் பதிவு செய்துகொண்டால், பின்னர் காணப்படும் சிதைவு பழையதா புதியதா என்று மருத்துவர் பிரித்தறிய முடியும்.