விண்டோஸ் தேவைப்படாத மலிவு விலைச் சில்லு நிரலேற்றிகள்

சில்லு நிரலேற்றி என்பது கணினியில் எழுதிய நிரலை நுண்கட்டுப்படுத்தியிலோ நினைவகச் சில்லிலோ பதிக்கும் கருவி ஆகும். சில நிரலேற்றிகளுடன் வரும் மென்பொருள் விண்டோஸ் இயக்குதளத்தில் மட்டுமே இயங்கும். கருவி மலிவாகக் கிடைத்தாலும், அதற்காக இயக்குதளத்தையும் விலை கொடுத்து வாங்க நேர்ந்தால் மாணவருக்குச் செலவு கூடிவிடும்.

பின்னணி

இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்தபோது 2003 மே 28 அன்று புனேயில் ஆற்றிய உரையில் திறமூல மென்பொருளின் தேவையை வலியுறுத்தினார். பின்னர் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் நிறுவப்பட்டிருந்தது. இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களின் மாணவர்களும் இத்திட்டத்தில் பயன்பெற்றனர். லினக்ஸ் உள்ள இத்தகைய கணினியைக் கொண்டே சில்லில் நிரல் ஏற்றலாம்.

தெரிவுகள்

யூஎஸ்பிஏஎஸ்பி: தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்தது. ஏவிஆர் வகைச் சில்லுகளுக்கு உரியது. இதன் மின்சுற்றும் நிரலும் வெளிப்படையாகக் கிடைப்பதால் பலர் இதை மலிவாகச் செய்து விற்கின்றனர். லினக்ஸில் தனி இயக்கி தேவையில்லை. ஏவிஆர்டியூட் என்னும் கட்டற்ற மென்பொருள் போதும்.

ஆர்டுயினோ ஊனோ: இப்பலகை கையில் இருந்தால் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. ஆர்டுயினோ மென்பொருளுடன் வரும் எடுத்துக்காட்டு நிரலை ஏற்றினால் பலகையே நிரலேற்றியாகிவிடும். அதன்பின் மீட்டமைப்பு முனைக்கும் தரை முனைக்கும் இடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்தால், பலகை தானாக மீளத் தொடங்குவது தடுக்கப்படும்.

சிஎச்341ஏ: கணினியின் பயாஸ் நிரல் உள்ள 25 வரிசை நினைவகச் சில்லுகளைப் படிக்கவும் எழுதவும் பயன்படுகிறது. லினக்ஸில் பிளாஷ்ராம் என்னும் மென்பொருளுடன் இயங்கும். இவ்வகைப் பலகைகள் சிலவற்றில் தரவு முனைகளில் 5 வோல்ட் வருகிறது. 3.3 வோல்ட் சில்லுக்கு அது கேடு விளைவிக்கலாம் என்பதால் முதலில் பல்மானியால் அளந்து பார்க்க வேண்டும்.

டிஎல்866: பலவகைச் சில்லுகளை ஏற்கும், மற்றவற்றைவிட விலை கூடியது. தயாரிப்பாளரின் மென்பொருள் விண்டோசுக்கு உரியது என்றாலும், மினிப்ரோ என்னும் திறமூல மென்பொருளால் லினக்ஸிலும் இயக்கலாம்.

வாங்கும் முன்

ஏற்ற வேண்டிய சில்லின் பெயரும் வாங்கப்போகும் நிரலேற்றியின் பெயரும் அந்தந்தத் திறமூல மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கருவியைப் பொருத்திய பின் 'அனுமதி இல்லை' என்ற பிழை வந்தால், கருவி பழுது என்று கருத வேண்டியதில்லை. சாதாரணப் பயனருக்கு அக்கருவியைக் கையாளும் உரிமை தரப்படவில்லை என்பதே அதன் பொருள். யூடெவ் விதி ஒன்றைச் சேர்த்து, கருவியைக் கழற்றி மீண்டும் பொருத்தினால் அது சரியாகும்.