தினமும் திட்டிய வில்லனுக்காக கண்ணீர் விட்ட பெண்!
முடிச்சூர் குடும்பத்தலைவி சொன்ன காரணம்

தாம்பரம் அருகே முடிச்சூரில் வசிக்கும் குடும்பத்தலைவி ஒருவர், இரவு 9-30 மணி ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். சன் டி.வி.யில் 2022-ல் தொடங்கிய "எதிர்நீச்சல்" தொடரை அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

வீட்டுப் பெண்களை அடக்கி ஒடுக்கும் ஆதி குணசேகரனை அவர் திட்டாத நாளும் இல்லை.

அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து 8-9-2023 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசியபோது மாரடைப்பு ஏற்பட்டு இறந்தார். "ஜெயிலர்" படத்திலும் அவர் நடித்திருந்தார். அது வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சேதி கேட்டதும் இந்தப் பெண்மணி அழுதுவிட்டாராம்.

ஏன்?

சினிமா வில்லன் கத்தியோடு வருவான். நம்ம வீட்டுக்கு வரமாட்டான். குணசேகரன் வீட்டிலேயே இருக்கிற ஆள். வேலைக்குப் போறேன் என்றால் "எதுக்கு?" என்று கேட்கிற ஆள். டி.வி.யில் திட்டினால் மனசு லேசாகும், வீட்டில் திட்ட முடியுமா என்கிறார் அவர்.

தொடர் மீது அவருக்குக் குறையும் உண்டு. 2023-ல் தமிழில் வந்த "தி கிரேட் இந்தியன் கிச்சன்" படத்தில், 2 மணி நேரத்துக்குள் கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறாள். தொடரில் வருகிற பெண்களோ வாசல்வரை போய்ப் போய்த் திரும்பி வருகிறார்கள்!

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் கடைசிவரை வாயே திறக்கவில்லை.