மலைமணலும் கடற்கரையும்

கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலிருந்து நோக்குபவருக்குச் சமுத்திரம் தூரதேசத்துச் சங்கதியாகத் தோன்றலாம். ஆயினும் கல்வராயன் மலைப்பாறை சிதைந்து உண்டாகும் மணல், கோமுகியில் இறங்கி, மணிமுக்தா நதியோடும் பின்பு வெள்ளாற்றோடும் கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைந்து, கரைக்கு ஆகாரமாகிறது. அணைகளில் அது தங்கிவிட்டால் கரை மெலிவது சகஜமே.

கரைசேர்ந்த மணலையும் அலைகள் வருஷத்தின் பெரும்பகுதி வடக்கு நோக்கியே நகர்த்துகின்றன. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக எழுந்த அலைதடுப்புச் சுவர்கள் அந்த யாத்திரையை மறித்தமையால், தெற்கே மணல் குவிய, வடக்கே நகரத்தின் கடற்கரையே மறைந்தது. பாறாங்கற்களைக் கொட்டிக் காத்த இடத்துக்கு அப்பால் அடுத்த குப்பத்தை அலை அரித்தது. வீடிழந்த அம்மீனவர்களின் துயரம் என் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை. பிற்பாடு தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து அலையின் வேகத்தைத் தணித்து, மணலையும் நிரப்பவே, நகரக் கரை மெல்ல மீண்டது.